மூடாத சிமிழும் முதுகெலும்பும்

கம்பத்திலிருந்து ஒரு பெண் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மா முப்பது வருடம் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவர். போன தை மாதம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நடுமுதுகில் ‘சுருக்’கென்று ஒரு வலி. சுளுக்குதான் என்று ஒருவரைக் கூட்டிவந்து இரண்டு முறை எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். வலி இன்னும் கூடியது. எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கமாக நசுங்கியிருக்கிறது. எலும்பு அடர்த்தி ஸ்கேனும் பார்த்துவிட்டு டாக்டர் ரலாக்சிஃபீன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதே வீட்டில் பெரியம்மாவும் இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர். இனி அந்தப் பெண்ணின் வார்த்தையிலேயே: “பெரியம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற மாத்திரைன்னு சொன்னாங்க. அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யிற மாத்திரைன்னு சொன்னாங்க. தேடிப் பார்த்தா ரெண்டும் ஒரே குடும்பம்னு போட்டிருக்கு. எது சரி?”

இரண்டும் சரிதான். அது எப்படி என்பதை எனக்குத் தெரிந்த வரையில் நிதானமாகச் சொல்கிறேன். வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

எலும்பு கல் இல்லை, உயிருள்ள திசு என்பது பள்ளியிலேயே படித்ததுதான். பழைய எலும்பை அரித்தெடுக்க ஒருவகைச் செல்கள், அந்தக் குழியில் புதிதாகக் கட்ட இன்னொரு வகைச் செல்கள். அரிக்கிறவர்களுக்குச் சில வாரம் போதும். கட்டுகிறவர்களுக்குச் சில மாதம் வேண்டும். இந்தக் கணக்கைச் சமன்செய்து வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அரிக்கும் செல்களை வரவழைக்கும் சமிக்ஞையை அது குறைக்கிறது. அவற்றின் ஆயுளையும் சுருக்குகிறது. மாதவிடாய் நின்றதும் கடிவாளம் போய்விடுகிறது. முதல் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஆண்களுக்கும் எலும்பைக் காப்பது பெருமளவு ஈஸ்ட்ரோஜன்தான். 1994-ல் மருத்துவ உலகுக்குத் தெரியவந்த ஒரு மனிதருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், பிறவியிலேயே வேலை செய்யவில்லை. 28 வயது, 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்புகளோ அடர்த்தி இழந்திருந்தன.

எங்கள் ஊர்ப் பக்கம் குனிந்தே நடக்கும் பாட்டிமாரைப் பார்த்து, “வயசாச்சு, கூன் விழுந்துருச்சு” என்று சொல்லி முடித்துவிடுவோம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும் சரத்தில் காய்க்கிறது. பழுத்ததை விட்டுவிடாமல், பிஞ்சை ஒடித்துவிடாமல், ஒவ்வொரு தூரிலும் குனிந்தோ குந்தியோ விரலால் தடவி எடுக்க வேண்டும். அதனால் நிமிர முடியாத முதுகை வேலையின் தழும்பாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூனில் பாதி, யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காத முறிவுகளாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். நசுங்கிய எலும்பை உருவி நிமிர்த்த முடியாது. அந்த முதுகில் முழங்கையை வைத்து அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் நொறுங்கலாம். ஐம்பது தாண்டிய பெண்ணுக்குத் திடீரென்று முதுகில் வலி வந்தால், தயவுசெய்து முதலில் படம் எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் யார் கையையும் அந்த முதுகில் வைக்க விடாதீர்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். டமாக்சிஃபெனை 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் முதன்முதலில் தயாரித்தார். கருத்தடை மருந்து தேடும் திட்டம் அது. எலியில் கருவைத் தடுத்த பொருள், பெண்களிடம் முட்டை வெளிப்படுவதைத் தூண்டியது. திட்டம் தோற்றது, பொருள் தப்பித்தது. மார்பகப் புற்றுக்கட்டிகள் பலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜனே தீனி. அந்தத் தீனியை மறிக்க இது பயன்பட்டது. அப்போது ஒரு நியாயமான பயம் எழுந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் எலும்பு பொடியாகிவிடாதா?

கிரெய்க் ஜோர்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சினைப்பை நீக்கிய எலிகளுக்கு டமாக்சிஃபெனையும், புற்றுநோய் மருந்தாக எடுபடாமல் போன ரலாக்சிஃபீனையும் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு குறையவில்லை, காக்கப்பட்டது. 1987-ல் அந்த முடிவு வெளியானது. 1992-ல் மாதவிடாய் நின்ற பெண்களின் முதுகெலும்பிலும் டமாக்சிஃபென் இதையே செய்வது தெரிந்தது. மார்பில் தடுக்கிற பொருள், எலும்பில் ஈஸ்ட்ரோஜனாக நடிக்கிறது.

எப்படி என்பதற்கு விடை 1997-ல் கிடைத்தது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தினர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஹார்மோன் உட்காரும் பகுதியைப் படிகமாக்கி, எக்ஸ்கதிர் கொண்டு அதன் வடிவத்தைக் கண்டார்கள். ஒரு படத்தில் ஏற்பிக்குள் இயற்கை ஈஸ்ட்ரோஜன், இன்னொன்றில் ரலாக்சிஃபீன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஏற்பியைக் குங்குமச் சிமிழாக நினைத்துக்கொள்ளுங்கள். 595 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட புரதம் அது. அதில் ஒரு பகுதி சிறுசிறு சுருள்களாக மடிந்து சிமிழாகிறது. பன்னிரண்டாவது சுருள்தான் மூடி. ஈஸ்ட்ரோஜன் சிறிய, தட்டையான மூலக்கூறு. உள்ளே கச்சிதமாகப் படுத்துக்கொள்கிறது. மூடி மேலே வந்து மூடிக்கொள்கிறது. மூடியதும் சிமிழின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் அமைகிறது. எண்ணெய்ப்பசை உள்ள பள்ளம். துணைப் புரதங்கள் என்ற பெரிய புரதங்கள் வந்து உட்காரும் இருக்கை அதுதான். அவை உட்கார்ந்தால்தான் மரபணு இயங்கத் தொடங்கும். உட்காருவதற்கென்று அவற்றிடம் ஒரு சிறிய கொக்கி இருக்கிறது: ஒரு லூசின், இடையில் ஏதாவது இரண்டு அமினோ அமிலங்கள், பிறகு அடுத்தடுத்து இரண்டு லூசின்கள். லூசின் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் பொருள். எண்ணெய்ப் பள்ளத்தில் நன்றாகப் பொருந்திக்கொள்ளும்.

ரலாக்சிஃபீனும் அதே சிமிழுக்குள் நுழைகிறது. ஆனால் அதற்கு ஒரு நீண்ட கை உண்டு. உடம்பு உள்ளே படுத்துக்கொள்ள, கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கையின் நுனியில் உள்ள நைட்ரஜன், சிமிழின் விளிம்பில் 351-வது இடத்தில் இருக்கும் அஸ்பார்டிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. குங்குமச் சிமிழில் தீக்குச்சி குறுக்கே மாட்டினால் மூடி மூடுமா? மூடாது.

மூடாத மூடி சும்மா தொங்கவில்லை என்பதுதான் அழகு. அது சுழன்று போய், துணைப் புரதம் உட்கார வேண்டிய அந்தப் பள்ளத்திலேயே தானே உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கொக்கியின் சாயல் மூடிச் சுருளிலும் இருக்கிறது! லூசின், இடையில் இரண்டு, பிறகு மெத்தியோனின், லூசின். ஒரு லூசினுக்குப் பதில் மெத்தியோனின். அதுவும் எண்ணெய்ப்பசை உள்ளதுதான். மலையேறும் ஜீப்பில் ஆள் வருவதற்கு முன்பே சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். துணைப் புரதம் வந்து பார்க்கிறது, இடமில்லை, திரும்பிப் போகிறது. 1998-ல் டமாக்சிஃபெனின் படத்திலும் இதே துண்டு போடும் வேலை தெரிந்தது.

அப்படியென்றால் எல்லா உறுப்பிலும் தடைதானே ஏற்பட வேண்டும்? இல்லை. ஏற்பியின் வடிவம் மாறினால், அதன் அருகே வரக்கூடிய புரதங்களும் மாறும். சில வடிவங்களுக்கு மரபணுவை அடக்கும் புரதங்கள் வந்து ஒட்டும். ஏற்பியின் வேறு முனையில் உட்காரத் தெரிந்த துணைப் புரதங்களும் உண்டு. எந்தச் செல்லில் எந்தப் புரதம் அதிகம் என்பது உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். மார்பில் அடக்கும் கூட்டம் வெல்கிறது. எலும்பில் மூடாத சிமிழே போதுமான சமிக்ஞையைத் தருகிறது. கருப்பைச் செல்களில் துணைப் புரதம் மிகுதி. அங்கே டமாக்சிஃபென் தூண்டுகிறது, அதனால் மாதவிடாய் நின்றவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. ரலாக்சிஃபீன் அங்கே தூண்டுவதில்லை. இரண்டின் கையும் சற்றே வேறு, அவை பிடித்து நிறுத்தும் வடிவமும் வேறு.

மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களுக்கு டமாக்சிஃபென் எலும்பைக் குறைக்கக்கூடும். அவர்கள் உடம்பில் முழு ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போது, அரைகுறையாக நடிப்பவர் வந்து சிமிழைப் பிடித்துக்கொண்டால் நஷ்டம்தானே. முழுதாக வேலை செய்பவர் போனபிறகுதான் அரைகுறையின் அருமை தெரிகிறது.

ரலாக்சிஃபீனை எலும்புத் தேய்மானத்தைத் தடுக்க அமெரிக்காவில் 1997-ல் அனுமதித்தார்கள். அதன் பெரிய சோதனையில் 7,705 பெண்கள் மூன்று ஆண்டு கலந்துகொண்டார்கள். முதுகெலும்பு முறிவுகள் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன. இடுப்பு முறிவு குறையவில்லை. அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கானது.

நம் நாட்டுக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்தின் குழு கண்டுபிடித்த சென்ட்குரோமன், 1991 முதல் ‘சஹேலி’ என்ற கருத்தடை மாத்திரையாகக் கிடைக்கிறது. விற்பது திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம். பொதுப்பணத்தில், நம் ஆய்வகத்தில் பிறந்த மூலக்கூறு! அந்த மூலக்கூறு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றில் ஒன்றை எலும்புக்காக ஒரு டென்மார்க் நிறுவனம் சோதித்தது. கருப்பை இறக்கமும் சிறுநீர் கசிவும் கூடியதால் 1998-ல் நிறுத்தினார்கள். இடுப்புத் தளத் திசுக்களில் இந்த மருந்துக்கு இன்னொரு முகம் இருந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் இப்படிப்பட்ட முகங்கள் தெரியும். அப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்று எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. தோட்டத்தில் சுமை தூக்கி, கால்சியம் குறைவாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்புகளைப் பற்றி, வேறு நாட்டுப் பெண்களின் கணக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி கேட்ட மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதுகு வலியால் அம்மா அதிகம் படுத்தே இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அசையாமல் படுத்திருப்பதே ரத்தம் உறையக் காரணமாகும். ரலாக்சிஃபீனும் சேர்ந்தால் ஆபத்து கூடும். நெடுநாள் படுக்கை, அறுவை சிகிச்சை என்றால் இந்த மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். எத்தனை மணி நேரம் படுத்திருக்கிறார் என்பதை டாக்டருக்கு இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள், அடுத்த முறை போகும்வரை காத்திருக்க வேண்டாம். அவருடைய கெண்டைக்காலைத் தினமும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.