தேக்கு ஏன் பிய்கிறது?

மோல்மேனில் கதவு, ஜன்னல் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே தேக்குப் பலகைதான் அண்ணா. இந்தப் பக்கமிருந்து இழைத்தால் வழவழவென்று வருகிறது. அந்தப் பக்கமிருந்து தள்ளினால் குழிகுழியாகப் பிய்கிறது. மரத்தின் ராசி அப்படி என்கிறார் மாமா. நிஜமா?"

மரம் வெட்ட நல்ல நாள் பார்ப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் பலகை பிய்வதற்கும் ராசியைச் சொன்னால், உளி தீட்டுவதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைக்கும், அவ்வளவுதான்.

மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனிவரை நெடுக ஓடுகின்றன என்பது பள்ளிப் பாடம். ஆனால் மரமும் நேராக வளர்வதில்லை, ரம்பமும் நாருக்கு இணையாகவே போவதில்லை. அதனால் நார்கள் பலகையின் மேற்பரப்பில் சற்றுச் சாய்வாக வந்து முடிகின்றன.

இழைப்புளியின் உளி ஓர் ஆப்பு. அது சீவலை மேலே நெம்பும்போது, உளிமுனைக்கு முன்னாலேயே மரத்தில் ஒரு பிளவு ஓடுகிறது. பிளவுக்கு நார் போகும் வழிதான் வழி. தள்ளும் திசையில் நார் மேலேறிப் போனால், பிளவும் மேலேறி வெளியே வந்துவிடும், சேதமில்லை. நார் கீழிறங்கிப் போனால், பிளவும் பலகைக்குள் இறங்கும். சீவல் தடித்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் மடிந்து ஒடியும். ஒடிந்த இடத்தில் குழி.

பலகையைத் திருப்பிப்போட்டு இழைக்கலாம். ஆனால் தேக்கில் சில பலகைகளில் நார் மாறி மாறிச் சாய்ந்திருக்கும். எப்படித் திருப்பினாலும் ஏதோ ஓர் இடம் பிய்யும். உளியைக் கூராக வைப்பது, மெல்லிசாகச் சீவுவது, வழக்கமான 45 பாகைக்குப் பதில் 50 பாகையில் உளியை நிறுத்துவது எல்லாம் பழைய வைத்தியங்கள். இழைப்புளியே பழையதுதான், கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயிலும் கிடைத்திருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த வைத்தியம், உளியின் மேல் திருகி வைக்கும் இன்னொரு இரும்புத் தகடு. 1767-இலேயே பிலடெல்பியாவில் ஒருவர் இரட்டைத் தகடு இழைப்புளிகளை விளம்பரம் செய்திருக்கிறார். உளி ஆடாமல் இருக்கத்தான் அது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அதன் நிஜ வேலையை 1980களில் ஜப்பானின் யமகாத்தா பல்கலைக்கழகத்தில் காத்தோ, கவாய் இருவரும் நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டினார்கள்.

தகட்டின் முனை உளிமுனையிலிருந்து சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடி கனம், தள்ளி இருந்தால் போதும். நெம்பப்பட்ட சீவல் எழுந்ததும் எழாததுமாகத் தகட்டின் செங்குத்தான முகத்தில் முட்டுகிறது. முட்டிய வேகத்தில் முன்பக்கமாக வளைந்து, தான் பிரிந்துவந்த மரத்தையே திருப்பி அழுத்துகிறது. பிளவு ஓட வேண்டுமென்றால் சீவல் மேலே இழுக்க வேண்டும். இங்கே சீவலே எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பிளவு ஓடுவதற்குள் உளிமுனை வந்து நாரை அறுத்துவிடுகிறது. எதிர்நாரிலும் பலகை வழவழவென்று வரும். தகட்டை ஒரு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்துங்கள்: அதே இழைப்புளி, அதே பலகை, பழைய குழிகள்.

அந்த ஆய்வு கை இழைப்புளிக்காகச் செய்ததல்ல, தொழிற்சாலை இயந்திரத்துக்காக. சீவல் சுருள்வதைப் படமெடுக்கவும் ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார்! தேக்கு விளையும் நம் மியான்மரில் இப்படியொரு ஆய்வுக்கு யாராவது கியாட் ஒதுக்கினால் நன்றாயிருக்கும். மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை 2014-இல் நிறுத்திய பிறகு, இழைக்கும் வேலைக்குத்தானே மதிப்பு?

சரி தம்பி, செய்முறை. தகட்டின் முன்முகத்தைச் சாணைக்கல்லில் செங்குத்தாகத் தீட்டுங்கள். அடிவிளிம்பு உளியோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். கொஞ்சம் சந்து இருந்தாலும் சீவல் அதில் நுழைந்து அடைத்துக்கொள்ளும். தள்ள முன்பைவிடக் கூடுதல் பலம் வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. தேக்கில் மணலின் சரக்கான சிலிக்கா 1 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம் என்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டுங்கள். சீவல் சுருளாமல் நேராக எழுந்து வந்தால் தகடு சரியான இடத்தில் இருக்கிறது. கசங்கி மடிப்பு மடிப்பாக வந்தால் ரொம்ப நெருக்கிவிட்டீர்கள், ஒரு நூல்கூட வேண்டாம், சும்மா பேருக்குப் பின்னால் தள்ளுங்கள்.