திரிபு: 'மியூட்டேஷன்' என்ற சொல்லுக்குத் தமிழ்

மனித நோய்களின் மரபணுக் காரணத்தைத் தேடும் முனைவர் பட்ட ஆய்வேடு எதைத் திறந்தாலும் முதலில் எதிர்ப்படும் சொல் மியூட்டேஷன், அதாவது டி.என்.ஏ.வில் நேரும் மாற்றம். 'மாற்று' என்று பொருள்படும் 'மூட்டாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. மூலத்தில் வேகமும் இல்லை, கேடும் இல்லை, வெறும் மாற்றம்தான்.

பாடநூல்களில் இதற்குச் 'சடுதிமாற்றம்' என்று பெயர். அதில் 'சடுதி' எப்படி ஒட்டிக்கொண்டது? டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி வ்ரீஸ் 1901இல் வெளியிடத் தொடங்கிய கோட்பாட்டில், புதிய வகைகள் ஒரே தாவலில் திடீரெனத் தோன்றுகின்றன என்றார். அந்தத் திடீரைத்தான் 'சடுதிமாற்றம்' இன்னும் சுமக்கிறது. அவர் ஈனோதெரா என்ற பூச்செடிகளில் கண்டவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம் அளவிலான மாற்றங்கள் என்பது பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் பாடநூலில் தங்கிவிட்டது.

இன்னொரு வழக்கான 'பிறழ்வு' என்றால் தவறு என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதியாகிறது, டி.என்.ஏ. மாற்றங்களில் பல எந்தத் தீங்கும் செய்யாதவை. இலங்கைப் பாடநூல்களின் 'விகாரம்' இலக்கணத்தில் நல்ல சொல்தான். ஆனால் பேச்சுவழக்கில் அது அருவருப்பு. "உங்கள் குழந்தையின் மரபணுவில் விகாரம் இருக்கிறது" என்று பெற்றோரிடம் சொல்ல முடியாது.

எங்கள் தேர்வு திரிபு. எழுத்துகள் திரியும் வழிகளைத் தொல்காப்பியம் மூன்றாகப் பிரிக்கிறது: மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல். நன்னூலில் இவையே திரிதல், தோன்றல், கெடுதல். டி.என்.ஏ.வும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளின் வரிசைதான். அதை மும்மூன்று எழுத்தாகப் படித்தே செல் புரதத்தின் ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் சேர்க்கிறது; அந்த மூன்றெழுத்துத் தொகுதிக்குக் கோடான் என்று பெயர். அதில் நிகழும் சிறு மாற்றங்களும் இந்த மூன்றில் அடங்கிவிடுகின்றன.

பொன் + குடம் = பொற்குடம்: ஓர் எழுத்து வேறாகிறது. அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகிறது, குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் வாலின் வருகிறது. (பொற்குடத்தில் பொருள் கெடவில்லை. அப்படிப் புரதம் மாறாத திரிபுகளும் உண்டு.) பூ + கொடி = பூங்கொடி: எழுத்து மிகுகிறது. டே-சாக்ஸ் என்ற பரம்பரை நரம்பு நோயின் பரவலான திரிபில் டி.ஏ.டி.சி. என நான்கு எழுத்துகள் கூடுகின்றன. நான்கு மூன்றால் வகுபடாது. அதற்குப் பின் மும்மூன்றாகப் படிக்கும் கணக்கே குலைந்து, சற்றுத் தள்ளி, புரதத்தை அத்துடன் முடிக்கும் நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. மரம் + வேர் = மரவேர்: எழுத்து கெடுகிறது. நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் மிகுதியாகக் காணப்படும் திரிபில் மூன்று எழுத்துகள் குறைகின்றன. கணக்கு தப்பவில்லை, 508ஆம் இடத்து அமினோ அமிலமான ஃபினைல்அலனின் ஒன்றுதான் போகிறது. ஆனால் புரதம் சரியாக மடியாமல், செல்லின் மேற்பரப்பை அடையுமுன்பே பெரும்பாலும் சிதைக்கப்படுகிறது.

அரிவாள் செல் திரிபை எழுதும்போது எண்ணில் கவனம் வேண்டும். பழைய நூல்களில் அது புரதத்தின் 6ஆம் இடம். இன்றைய முறையில் 7ஆம் இடம். இரண்டும் ஒன்றே. முதலில் நிற்கும் அமினோ அமிலமான மெத்தியோனின் முதிர்ந்த புரதத்தில் வெட்டப்பட்டுவிடுவதால் பழைய எண் ஒன்று குறைவு. டி.என்.ஏ.வில் தொடக்கக் குறியான ஏ.டி.ஜி.யின் ஏ-யை 1 என்று எண்ணினால் மாறுவது 20ஆம் எழுத்து. எந்த முறையில் எண்ணினோம் என்று குறிக்காவிட்டால் அடுத்தவர் பக்கத்துக் கோடானைத் தேடிக்கொண்டிருப்பார்.

டி.என்.ஏ. எழுத்துகளை வண்ண முகடுகளாகக் காட்டும் சாங்கர் வரைபடத்திலேயே திரிபின் வகை கண்ணுக்குத் தெரியும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் ஏ என்பது டி ஆக மாறியிருந்தால், அந்த ஒரே இடத்தில் ஏ-யின் பச்சை முகடும் டி-யின் சிவப்பு முகடும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறக்குறைய பாதி உயரத்தில் நிற்கும். ஒரு பிரதியில் மட்டும் மிகுதலோ குன்றலோ என்றால் அதுவரை தெளிவாக வந்த வரைபடம் அங்கிருந்து கடைசிவரை இரட்டை முகடுகளாகக் குழம்பும். மாதிரி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவது இங்கேதான். எதிர்த்திசைப் பிரைமரால் (படிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) மறுபடி படியுங்கள். மறுபக்கத்திலிருந்தும் அதே இடத்தை ஒட்டிக் குழப்பம் தொடங்கினால் அது மாதிரியின் கோளாறல்ல, திரிபு.

நிகழ்வும் விளைவும் வேறு. மாறும் செயலைத் திரிதல் என்றும், மாறி நிற்கும் வடிவத்தைத் திரிபு என்றும் எழுதினால் 'மியூட்டேஷன்', 'வேரியன்ட்' இரண்டுக்கும் ஒரே வேரில் சொல் கிடைக்கிறது. கொரோனா காலத்திலிருந்து 'வேரியன்ட்' என்பதற்குத் திரிபு பழகிய சொல்தானே.

இது வெறும் சொல்லாசை இல்லை. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் 2015 வழிகாட்டுதல், மரபுவழி நோய் அறிக்கைகளில் 'மியூட்டேஷன்' வேண்டாம், 'வேரியன்ட்' என்றே எழுதி ஐந்து தரங்களில் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறது: நோய்தரும், நோய்தர வாய்ப்புள்ள, விளைவு துணியாத, தீங்கற்றதாக இருக்க வாய்ப்புள்ள, தீங்கற்ற. நடுவில் உள்ளதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது. ஐந்தையும் 'மரபணுப் பிறழ்வு' என்று மொழிபெயர்த்துவிட்டால், துணியாத திரிபு உள்ளவரும் தனக்கு நோய் உறுதி என்றே படிப்பார்.