மலையில் மட்டும் வரும் கோளாறு

குன்னூர், கோத்தகிரி பக்கத்து டீ ஃபேக்டரிகளிலிருந்து கோவைக்கு சர்வீஸுக்கு வரும் இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர்களில் பல, பெஞ்சில் வைத்து ஆன் பண்ணியதும் ஜம்மென்று ஓடும். ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ‘கோளாறு ஏதுமில்லை’ என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்புவார்கள். மேலே கொண்டுபோய்ப் பொருத்தினால் மறுபடி அதே கதை: தானாக அணையும், தானாக எழும். மேனேஜர் சப்ளையரைத் திட்டுவார், சப்ளையர் எலக்ட்ரீஷியனைக் கைகாட்டுவார்.

பெஞ்சில் காற்று உலர்ந்திருக்கிறது, கரண்ட் சீராக இருக்கிறது, கேபிள் ஒரு மீட்டர்தான். ஃபேக்டரியில் இந்த மூன்றுமே கிடையாது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, பெட்டியைக் கழற்றி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் அதைச் சுற்றி இருப்பதை முதலில் பாருங்கள் என்றுதான்.

முதலில் அந்த ஐபி65 சமாச்சாரம். தூசியையும் தண்ணீரையும் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண் அது. 6 என்றால் தூசி உள்ளே புகாது. 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். சரி. ஆனால் பேனல் பிசி (ஸ்க்ரீனும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்கும் பெட்டி) வாங்கும்போது விலைப்பட்டியலில் ‘முன்பக்கம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. பின்பக்கம் பெரும்பாலும் ஐபி20தான். அதாவது விரல் உள்ளே போகாது, தண்ணீருக்குத் தடை எதுவுமே இல்லை. அதைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் முன்பக்கத்து 65-ஆல் என்ன பயன்? பேனலில் வெட்டிப் பொருத்தி, ரப்பர் கேஸ்கெட் சுற்றிலும் சமமாக அழுந்தும்படி கிளாம்ப்புகளை முறுக்கினால்தான் அந்த எண் உண்மையாகும்.

முழுப் பெட்டியும் ஐபி65 என்று விலை கொடுத்து வாங்கியவர்களும் தப்புவதில்லை. எடை மெஷின் கேபிள் நுழையவில்லை என்று மேல்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, சிலிகான் அப்பி விட்டுப் போவார்கள். அந்த நிமிஷத்தோடு பெட்டியின் தகுதி போயிற்று. கேபிள் எப்போதும் கீழிருந்து, கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் திருகு மூடி) வழியாகத்தான் ஏறவேண்டும். நுழைவதற்கு முன் கேபிளைத் தாழ இறக்கி ஒரு வளைவு கொடுத்தால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஆனாலும் மலையில் தண்ணீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு டீமேக்கர் காலையிலேயே போன் பண்ணினார்.

“தம்பி, ஸ்க்ரீன் தானா என்னென்னமோ அமுக்குது. யாரும் தொடவே இல்ல.”

“அண்ணே, நேத்து ஃபேக்டரி லீவா?”

“ஆமா, இலை வரல. மெயினே ஆஃப் பண்ணிட்டோம்.”

“கழற்றாதீங்க. கதவைத் திறந்து உள்ள கையை வச்சுப் பாருங்க.”

உள்ளே தகடெல்லாம் வியர்த்திருந்தது. இதற்குப் பேய் பிசாசு தேவையில்லை. இலை வாட்டும் ட்ரஃப் பக்கத்தில் காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று, சுமார் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த உலோகத்தைத் தொட்டாலும் நீர் பூக்கும். இரவெல்லாம் அணைந்து கிடந்த பெட்டி குன்னூர்க் குளிரில் அதைவிடச் சில்லென்று இருக்கும். ‘95 சதவீத ஈரப்பதம் வரை தாங்கும்’ என்று எழுதியிருக்கிறார்களே என்றால், கூடவே ‘நீர் படியாத நிலையில்’ என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே இங்கே கம்ப்யூட்டரை அணைக்காமல் விடுவதே அதற்குப் பாதுகாப்பு. தன் சூட்டிலேயே அது உலர்ந்திருக்கும். மெயின் ஆஃப் பண்ணியே ஆகவேண்டிய ஃபேக்டரி என்றால், பேனலுக்குள் ஒரு சின்ன ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் வைத்துத் தனி லைன் கொடுங்கள். சிலிகா ஜெல் பாக்கெட் போடுவது நல்லதுதான், ஆனால் அது நிறம் மாறிய பிறகும் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் பயனில்லை.

ஃபேன் உள்ள மாடலை டீ ஃபேக்டரிக்கு வாங்கவே வாங்காதீர்கள். சலிக்கும் இடத்தில் பறக்கும் பஞ்சு ஃபேனை அடைக்கும், ஈரத்தை இழுக்கும், போர்டில் பசைபோல ஒட்டும். ஃபேன் இல்லாத மாடலுக்கும் முதுகில் இருக்கும் துடுப்புகள் செங்குத்தாக நிற்கவேண்டும். படுக்கவைத்தால் சூடு மேலேறாது. அவற்றின்மேல் பஞ்சு படிந்தால் கம்பளி போர்த்தின மாதிரி. பிரஷ்ஷால் தட்டுங்கள், கம்ப்ரஸர் காற்றை அப்படியே அடிக்காதீர்கள், அதில் தண்ணீரும் வரும். ஊட்டிக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: பல மின்கருவிகள் 2,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் என்று வடிவமைக்கப்பட்டவை. ஊட்டி 2,240 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் சூட்டை எடுத்துச் செல்வதும் குறைவு. வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, தானாக அணைந்து எழும் நோய். மெஷினில் 9 முதல் 36 வோல்ட் வரை என்று போட்டிருக்கும், எதைக் கொடுத்தாலும் ஓடும் என்று நினைத்து 12 வோல்ட் கொடுத்துவிடுவார்கள். பவர் சப்ளை ஆபீஸ் ரூமில், கம்ப்யூட்டர் இலை இறக்கும் இடத்தில், நடுவே 30 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போக வர 60 மீட்டர் என்றால் மின்தடை சுமார் 0.72 ஓம். 60 வாட் மெஷின் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே 3.6 வோல்ட் போய்விடும். மெஷினுக்குக் கிடைப்பது 8.4. வோல்டேஜ் இறங்க இறங்க அது இன்னும் அதிகம் கரண்ட் இழுக்கும். சும்மா இருக்கும்போது ஓடும், ரிப்போர்ட் எடுக்கும்போது செத்துப்போகும். அதே வயரில் 24 வோல்ட் கொடுத்தால் இழப்பு 1.8 வோல்ட்தான். மீட்டரை பவர் சப்ளையில் வைத்துப் பார்த்துவிட்டு ‘12 இருக்கே’ என்பார்கள். கம்ப்யூட்டரின் டெர்மினலில், வேலை ஓடும்போது வைத்துப் பாருங்கள்.

காற்றடித்தால் கரண்ட் போய் வந்து, வந்து போகும் ஊர் இது. பாதி எழும்போதே அணைந்தால் எஸ்எஸ்டி என்ற உள் டிஸ்க்கில் விண்டோஸ் கெட்டுப்போகும். சப்ளைக்கு முன்னால் ஒரு ஆன்-டிலே டைமர் வைத்து, கரண்ட் நிலைத்து அரை நிமிஷம் கழித்தே எழும்படி செய்யுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் எழும் அடிப்படை செட்டிங்கில்) ‘கரண்ட் வந்தால் தானாக ஆன்’ என்பதையும் போட்டுவிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜை டிரையர் மோட்டார் ஓடும்போது அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் முதலில் எர்த் குழியைப் பாருங்கள்.

எடை மெஷின் போன்ற கருவிகள் கம்ப்யூட்டரோடு பேசும் ஆர்எஸ்-485 லைனில் டேட்டா விட்டு விட்டு வந்தால், எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஏ, பி வயர்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60 வந்தால் இரு முனையிலும் போடவேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர் சரியாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் நடுவில் ஏதோ ஒரு கருவியில் மூன்றாவது ரெசிஸ்டர் ஆன் ஆகியிருக்கிறது. இந்த கேபிளை விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் கட்டாதீர்கள்.

‘எடை மெஷின் திடீரென்று பேசவில்லை’ என்ற புகாரில் பலசமயம் குற்றவாளி உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்தால் பயாஸ் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குப் போய், 485-ஆக வைத்திருந்த போர்ட் ஆர்எஸ்-232 என்ற வேறு வகையாகிவிடும். எடை வராது. கூடவே தேதியும் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். இலைச் சீட்டில் தப்புத் தேதி விழுந்தால் மாசக் கணக்கு முடிக்கும்போது விவசாயிகளோடு தகராறுதான். டிஸ்க் மோடும் மாறிவிட்டால் விண்டோஸே எழாது. உடனே யாராவது ஃபார்மேட் பண்ணலாம் என்பார். வேண்டாம். பயாஸ் பக்கங்களை மெஷின் நன்றாக இருக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்திருந்தால், பேட்டரியை மாற்றி, பழையபடி செட் பண்ணிப் பத்து நிமிஷத்தில் எழுப்பிவிடலாம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது என்று சொல்லிப் புது மெஷின் விற்க வருவார்கள். உங்களுடையது நீண்டகால ஆதரவுப் பதிப்பான ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்றால் 2032 ஜனவரி வரை அப்டேட் உண்டு. எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, ஓடும் டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்த இன்னொரு எஸ்எஸ்டி ஃபேக்டரியிலேயே இருக்கட்டும். கோவையில் இருந்தால், ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடும் அன்றைக்குத்தான் அது தேவைப்படும். தேதி எழுதி ஒட்டி, பயாஸ் படங்களின் பிரிண்ட்டோடும் ஒரு புது சிஆர்2032-ஓடும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மேனேஜர் ரூம் பீரோவில் வையுங்கள். சாஃப்ட்வேரில் ஏதாவது மாற்றினால் குளோனையும் அன்றே புதுசாக எடுத்துவிடுங்கள்.