எரித்திராஸ்மா: செம்படையா, செங்கறையா?

தோல் மடிப்புகளில் வரும் தொற்றான எரித்திராஸ்மாவுக்குத் தமிழில் 'செம்படை' என்று எழுதுவதை இனியாவது நிறுத்தலாம். எரித்ரோஸ் கிரேக்கத்தில் சிவப்பு. ஜேர்மன் மருத்துவர் பேரென்ஸ்புறுங் 1862 இல் இட்ட பெயர். பிறப்பு அவ்வளவுதான்.

சிக்கல் 'படை'யில். வன்னியில் படை என்றால் வட்டமாய், விளிம்பு தடித்து, ஊறலெடுத்துப் பரவும் பங்கசுத் தொற்று. 'செம்படை' என்று கேள்விப்பட்டவர் நேரே பாமசிக்குப் போய்ப் படைக்குக் கிறீம் கேட்பார். கிடைப்பது ஸ்ரீரொயிட் கலந்ததாயிருந்தால் சிவப்பு மங்கும். பூசுவதை விட்டதும் திரும்பும். இதுவோ கொறினிபற்றீரியம் மினுற்றிசிமம் என்ற பற்றீரியா. 1961 வரை மருத்துவ உலகமும் பங்கசு என்றே நினைத்தது; அங்கே திருத்திய பிழைக்கு இங்கே புதுப்பெயர் சூட்டுவானேன்? சில பங்கசுக் கிறீம்கள் இதையும் ஓரளவு அடக்கும் என்று வக்காலத்து வாங்குவோர் உண்டு. அந்த மருந்துக்கு அடங்குவதால் நோய் படையாகிவிடாது. அகராதியைப் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர் நோயாளியின் தோலையும் ஒருமுறை பார்க்கலாம். 'செந்தடிப்பு' இன்னும் மோசம்: இதில் தடிப்பே இல்லை.

'மடிப்புச் செங்கறை' பொருந்தும். கவட்டை, கமக்கட்டு, மார்பின் கீழ் மடிப்பு ஆகிய இடங்களில் கறைபோலத் தட்டையாய்ப் படியும். கருந்தோலில் மண்ணிறமாய்த் தெரியும். மெல்லிய செதில், நுண்சுருக்கம், ஊறல் குறைவு. படைபோல நடுப்பகுதி தெளியாது, முழுக்க ஒரே நிறம். நாலாம், ஐந்தாம் கால்விரல்களுக்கிடையில் மட்டும் வெள்ளையாய் ஊறி உரியும். காலபோக வயற்சேற்றில் நிற்பவர் சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார். விரலிடையில் சிவப்புத் தெரியாது என்பதே செங்கறைக்கு எதிரான ஒரே நியாயமான வாதம்.

ஐயமிருந்தால் இருட்டறையில் வூட் விளக்கு என்ற புறவூதா விளக்கை அடிக்க, பவளச் சிவப்பாய் ஒளிரும். அப்படி ஒளிர்வது பற்றீரியா உண்டாக்கும் போர்பிரின் என்ற நிறப்பொருள்; அது நீரில் கரைவது. குளித்துவிட்டு உடனே போனால் ஒளிராமலும் போகலாம்.

சிறிய இடமென்றால் 2% பியூசிடிக் அமிலக் கிறீம் அல்லது கிளின்டமைசின் பூச்சு, நாளுக்கு இருமுறை, 14 நாள் வரை. பரவியிருந்தால் வைத்தியர் கிளாரித்ரோமைசின் 1 கிராம் ஒரேவேளையாய்த் தரலாம். கொலஸ்ரரோலுக்குச் சிம்வாஸ்ரற்றின் எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும், இரண்டும் சேர்ந்தால் தசை சிதையும் ஆபத்துண்டு. குளித்தபின் மடிப்புகளை ஒற்றித் துடைத்து உலரவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியையும் பார்ப்பது நல்லது.