பிரமிடுக்கு அடியில் 648 மீட்டர்: தரை ஸ்கேன் செய்பவன் எழுதுவது

2025 ஏப்ரலில் ஒரு பெரியவர் அழைத்தார். காரைக்குடிப் பக்கம், பாட்டன் கட்டிய வீடு. பின்கட்டில் ஏதோ புதைந்திருப்பதாகப் பரம்பரையாகப் பேச்சு. யாரோ ஒருவர் வந்து, "சாட்டிலைட்லயே ஸ்கேன் பண்ணித் தர்றேன், இடத்துக்கு வரவே வேண்டாம், முன்பணம் ஒன்றரை லட்சம்" என்று சொல்லியிருக்கிறார். நம்பிக்கைக்காக ஒரு படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதைப் பெரியவர் எனக்கு அனுப்பினார்: மேலே எகிப்தின் கீசாவில் உள்ள காஃப்ரே மன்னனின் பிரமிடு, கீழே திருகாணி போலச் சுற்றிச் சுற்றி இறங்கும் எட்டுத் தூண்கள், அவற்றின் அடியில் இரண்டு பெரிய கனசதுர அறைகள்.

"எகிப்துலயே கண்டுபிடிச்சிட்டாங்களாமே தம்பி, நம்ம வீட்டுக்கடியில முடியாதா?"

அந்த மாதத்தில் மட்டும் இதே படம் எனக்கு நாலைந்து பேரிடமிருந்து வந்தது. ஒருவர் மின்நிலையம் என்றார், இன்னொருவர் வேற்றுக்கிரகவாசிகளின் கிடங்கு என்றார். "பிரமிடு கல்லறையே இல்லை" என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. ஜி.பி.ஆர் என்கிற தரை ஊடுருவும் ராடாரை வைத்துப் பிழைப்பவன். சாலை தோண்டுவதற்கு முன் மின் கேபிள் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, சாக்கடை எங்கே என்று பார்த்துச் சொல்வேன். கருவி குழந்தைத் தள்ளுவண்டி மாதிரி இருக்கும். "என்னண்ணே, புல்லு வெட்டுற மெஷினா?" என்று ஒருவராவது கேட்காமல் ஒரு வேலையும் முடிந்ததில்லை. பிரமிடைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி இவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேச இது போதும்.

ஸ்கேன் என்றதும் எக்ஸ்ரே மாதிரி உள்ளே இருப்பது அப்படியே தெரியும் என்று நினைக்கிறார்கள். எங்கள் திரையில் குழாய் குழாயாகத் தெரியாது, கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவாகத்தான் தெரியும். அது குழாயா, வேரா, பாறையா என்று சொல்வது கருவி இல்லை, திரையைப் பார்ப்பவன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு சாலையோரம் அழகான ஒரு வளைவு கிடைத்தது. இரண்டரை மீட்டர் ஆழம், பெரிய குழாய் என்று எழுதிக் கொடுத்தேன். தோண்டினார்கள், மண்தான் வந்தது. ஒப்பந்ததாரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகுதான் தலையைத் தூக்கினேன். மேலே மின்கம்பி. ராடார் அலை காற்றில் அந்த மண்ணைப் போல மூன்று மடங்கு வேகமாகப் போகும். அதனால் ஏழரை மீட்டர் உயரத்தில் தொங்கிய கம்பி, இரண்டரை மீட்டர் ஆழத்தில் குழாயாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஏழரை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். எங்கே போனாலும் முதலில் தெரிந்த குழாய் ஒன்றின் மேல் வண்டியை ஓட்டிப் பார்ப்பேன். அது சரியான இடத்தில், சரியான ஆழத்தில் தெரிந்தால்தான் தெரியாததைப் பற்றி வாயைத் திறப்பேன். இரண்டாவது, சோதனைக் குழி போடாமல் "இருக்கிறது" என்று எழுத மாட்டேன், "இருக்கலாம்" என்றுதான் எழுதுவேன்.

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். 2025 மார்ச்சில் இத்தாலியைச் சேர்ந்த ஒரு குழு செய்தியாளர்களைக் கூட்டி அதை வெளியிட்டது. தூண்கள் 648 மீட்டர் இறங்குகின்றன, கனசதுரங்கள் பக்கத்துக்கு 80 மீட்டர் என்றார்கள். துறை வல்லுநர்கள் சரிபார்த்து இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை அல்ல அது. தரவு, சாட்டிலைட் ராடார் எடுத்தது. சென்னையின் ஈரக் களிமண்ணில் என் கருவி ஒன்றரை மீட்டர் பார்த்தாலே பெரிது. கடற்கரையோர உப்பு நீரில் அதுவும் கிடையாது. காய்ந்த மணலில் பத்து மீட்டர்வரை போகலாம். அண்டார்டிகாவின் பனிக்கட்டியில் மட்டும் கிலோமீட்டர் கணக்கில் போகும், பனி அதற்கு வழிவிடும். தண்ணீர் ஊறிய பாறை வழிவிடாது. கீசாவில் நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க ராடாரே வேண்டாம். காஃப்ரேயின் பிரமிடிலிருந்து ஸ்ஃபிங்ஸ் சிலைப் பக்கம் இறங்கும் பாதையின் அடியில் 'ஒசைரிஸ் கிணறு' என்கிற மூன்றடுக்குக் குடைவு இருக்கிறது. ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் அதன் கடைசி அறை தண்ணீரில் நிற்கிறது.

"அலை உள்ளே போகவில்லை, தரைமட்டத்தின் நுண்ணிய அதிர்வுகளை அளந்து உள்ளிருப்பதைக் கணக்கிட்டோம்" என்பது அந்தக் குழுவின் விளக்கம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலிருந்து அதிர்வை அளந்து, அரைக் கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் திருகுப்படியின் சுற்றை எண்ண முடியுமென்றால், உலகத்தில் எந்தச் சுரங்க நிறுவனமும் இனித் துளை போட வேண்டாம். ஆழம் தெரிந்த ஒரு பழைய சுரங்கத்தின் மேல் அதே முறையை வைத்து, பார்வையாளர்கள் முன்னால் அளந்து காட்டட்டும். என் தள்ளுவண்டிக்கு உள்ள விதி சாட்டிலைட்டுக்கும் உண்டு.

அதே காஃப்ரே பிரமிடில் இந்த விதியை ஒருவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். 1960களின் கடைசியில், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ், பிரமிடின் அடியிலுள்ள அறையில் மியூவான் உணர்கருவிகளை வைத்தார். மியூவான்கள் வானிலிருந்து சதா பொழிந்துகொண்டே இருக்கும் நுண்துகள்கள். கல் தடிமனாக இருக்கும் திசையிலிருந்து குறைவாக வரும், வெற்றிடம் இருக்கும் திசையிலிருந்து கூடுதலாக வரும். கருவி முதலில் காட்டியது பிரமிடின் விளிம்புகளையும், உச்சியில் மிஞ்சியிருக்கும் பழைய மேலுறைக் கற்களையும். தெரிந்தது தெரிந்துவிட்டது. பிறகு, பார்த்த பகுதியில் மறைவறை எதுவும் இல்லை என்று 1970-ல் எழுதினார். ஆசைப்பட்டது அறை கிடைக்க வேண்டும் என்றுதான். கிடைக்கவில்லை என்பதையும் அளந்து சொன்னார் பாருங்கள், எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகவே படுகிறது. அதே மியூவானை வைத்து 2017-ல் கீசாவிலேயே உள்ள குஃபு மன்னனின் பெரிய பிரமிடில், பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடத்தை அறிவித்தார்கள். 2023-ல் வடமுகத்துக்குப் பின்னால் 9 மீட்டர் நீளத் தாழ்வாரம் ஒன்றைக் கண்டு, கல் இடுக்கு வழியாகக் கேமராவையும் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கேமராதான் அவர்களுடைய சோதனைக் குழி.

அளவெடுத்துக் கதை கட்டுவது ராடார் காலத்து நோய் மட்டுமில்லை. 1860களில் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித், பெரிய பிரமிடின் அடிப்பக்க நீளத்தில் வருடத்தின் 365.24 நாளும் அடங்கியிருப்பதாகச் சொன்னார். அதற்கென்றே 'பிரமிடு அங்குலம்' என்று ஓர் அளவு. அவர் எடுத்துக்கொண்ட பக்கம் 9140 அங்குலம். அதை நம்பிய வீட்டில் வளர்ந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1880-ல் கீசாவுக்குப் போய், ஒரு பாறைக் கல்லறையிலேயே குடியிருந்து, கருவி வைத்து அளந்தார். கிடைத்தது 9069. ஏறத்தாழ ஆறடி உதைத்தது. ஸ்மித்தின் வழிவந்த ஒருவர் பிரமிடுக்குள் முன்னறையில் துருத்திக்கொண்டிருந்த கல்லைத் தம் கணக்குக்குப் பொருந்தும்படி அரத்தால் ராவிக்கொண்டிருந்ததைப் பெட்ரி எழுதிவைத்திருக்கிறார். சிரிப்பாக இருக்கும். 2013-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சிலர், பெரிய பிரமிடுக்குள் மன்னர் அறைக்கு மேலுள்ள அறையில் குஃபுவின் பெயர் எழுதியிருக்கும் இடத்திலேயே சுரண்டி மாதிரி எடுத்துப் போனார்கள். நோக்கம், பிரமிடு குஃபுவுக்கும் முந்தையது என்று காட்டுவது. அதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெயர்தான் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. மன்னர் அறையின் கூரைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து குறுகிய அறைகள். மேல் நான்கையும் 1837-ல் வெடிமருந்து வைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே காவிச் சிவப்பில் வேலையாட்களின் குழுப் பெயர்கள், அவற்றில் குஃபுவின் பெயர். சில தலைகீழாக இருக்கின்றன, சில கல்லும் கல்லும் சேரும் இடுக்குக்குள் போய் மறைகின்றன. கல்லை வைப்பதற்கு முன்பே எழுதினால்தான் அப்படி இருக்கும். நாங்களும் சாலையில் மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போகிறோம். வேலை நடக்கும் இடத்துக் கிறுக்கலை இன்னொரு வேலைக்காரனுக்கு அடையாளம் தெரியும்.

மின்நிலையக் கதைக்கு அதிகம் செலவழிக்க விருப்பமில்லை. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அழுத்தினால் மின்சாரம் வரும் என்பார்கள். தனிப் படிகத்தில் வரும்தான். கிரானைட்டில் படிகங்கள் கண்டபடி திரும்பிக் கிடப்பதால் ஒன்றின் மின்னழுத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். அதைவிட, பிரமிடுக்குத் தெற்கே ஹெய்ட் எல்-குராப் என்ற இடத்தில் கட்டுமானக்காரர்களின் ஊரையே தொல்லியலாளர் மார்க் லேனரின் குழு தோண்டி எடுத்திருக்கிறது. ரொட்டி சுட்ட இடம், மாட்டெலும்பு, ஆட்டெலும்பு, அடுப்புக் கரி. கரி பெரும்பாலும் கருவேல இனத்து மரத்தினுடையது. கூப்பிடு தூரத்தில் மின்நிலையத்தை வைத்துக்கொண்டு கருவேலங்கட்டையை எரித்துச் சமைத்தார்கள் என்றால் அந்த ஊர் மின்வாரியத்தை என்ன சொல்வது?

"பிரமிடில் மம்மியே கிடைக்கவில்லையே" என்பது அடுத்த கேள்வி. கொள்ளை போனவை பெரும்பாலும். ஆனாலும் அபுசிரில் நெஃபெரெஃப்ரேயின் பிரமிடில் செக் அகழ்வாளர்கள் ஓர் இளைஞனின் மம்மித் துண்டுகளை எடுத்திருக்கிறார்கள். சக்காராவில் உனாஸின் பிரமிடுச் சுவர் முழுக்க, இறந்த மன்னன் வானேறுவதற்கான மந்திரங்கள். குஃபுவின் பிரமிடைச் சுற்றி அரசிகளின் சிறு பிரமிடுகள், வரிசை வரிசையாக அதிகாரிகளின் கல்லறைகள், 1954-ல் ஒரு குழியில் கண்டுபிடித்த 43 மீட்டர் நீளத் தேவதாருப் படகு. சுற்றிலும் சுடுகாட்டை வைத்துக்கொண்டு நடுவிலிருப்பதை மட்டும் தொழிற்சாலை என்றால் எப்படி?

கல்லறைக் கொள்கையிலும் ஒட்டாத இடங்கள் உண்டு. ஸ்நெஃபெரு என்ற ஒரே மன்னனுக்கு மூன்று பெரிய பிரமிடுகள், ஒருவரை மூன்று இடத்தில் புதைக்க முடியாது. தெற்கு எகிப்தின் எலிஃபண்டைன் தீவு போன்ற இடங்களில் உள்ளே அறையே இல்லாத சிறிய படிப் பிரமிடுகள் நிற்கின்றன, அவை நிச்சயமாகக் கல்லறை இல்லை. இதையெல்லாம் வைத்து ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் கர்ட் மெண்டல்சன் 1974-ல் ஒன்று சொன்னார்: முடித்த பிரமிடைவிடக் கட்டும் வேலைதான் முக்கியம், சிதறிக் கிடந்த ஊர்களை ஒரு நாடாக்கியது அந்த வேலைதான் என்று. எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கும் முழுக்கச் சம்மதமில்லை. ஆனால் ஸ்நெஃபெருவின் மெய்டூம் பிரமிடின் இடிபாட்டையும், அவனுடைய வளைந்த பிரமிடு பாதியில் சரிவை 54 டிகிரியிலிருந்து 43-க்குக் குறைத்துக்கொண்டதையும் வைத்துக்கொண்டு அவர் வாதாடினார். மாற்றுக் கருத்து என்றால் இப்படி இருக்கட்டும்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மெரெரைப் பற்றி மட்டும் சொன்னேன். செங்கடலோரம் வாடி அல்-ஜர்ஃபில் 2013-ல் தொல்லியலாளர் பியர் டாலேயின் குழு எடுத்த பப்பைரஸ் சுருள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. குஃபுவின் ஆட்சிக் கடைசிக் காலம், கையில் நாற்பது பேர் அளவுக்கு ஆள். நாளுக்கு இரண்டு பத்தியாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். இன்று தூராக் கல்குவாரியில் கல் ஏற்றினோம், இரவு அங்கேயே. மறுநாள் புறப்பட்டோம், இரவு குஃபுவின் ஏரியில். அடுத்த நாள் 'குஃபுவின் அடிவானம்' போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை திரும்பினோம். மறுபடி தூரா. குஃபுவின் அடிவானம் என்பது அந்தப் பெரிய பிரமிடின் பெயர். 4,500 வருடத்துக்கு முந்தைய சைட் டைரி. என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கிறது.

"அப்ப நம்ம வீட்டுல ஒண்ணும் இல்லேங்கிறியா?" என்றார்.

"பார்த்தாத்தான் தெரியும் ஐயா. ஆனா அந்த ஆளுக்கு மட்டும் பணம் குடுத்துடாதீங்க. ஏதாவது கிடைச்சா கலெக்டர் ஆபீஸ்ல சொல்லணும், புதையலுக்கு 1878-லேருந்தே சட்டம் இருக்கு."

ஒரு சனிக்கிழமை போனேன். அவர் வீட்டுத் தெருக்குழாயின் மேல் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். முற்றத்தின் வடமேற்கு மூலையில் ஒரு மாற்றம் தெரிந்தது, 80 சென்டிமீட்டரில். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய பேரன் கடப்பாரையால் தோண்டினான். வட்டமாகச் செங்கல் வந்தது. உள்ளே இடிசல், உடைந்த ஓடு, ஒரு துருப்பிடித்த வாளிக் கைப்பிடி. தூர்த்துவிட்ட பழைய கிணறு. பெரியவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பத்தா இதைச் சொல்லியிருக்கா" என்றார்.

தேதி, மூலை, ஆழம், கிணறு என்று டைரியில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.