ட்ரையல் ரூமா, டிரஸ்ஸிங் ரூமா? புகார் எழுதும் முன்...

எங்கள் வக்கீல் தொழிலில் ட்ரையல் என்றால் விசாரணை. கூண்டு, சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா எல்லாம் அதில் அடக்கம். ஒருமுறை என் ஜூனியரோடு வேலூர் காந்தி ரோட்டில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். ‘ட்ரையல் ரூம்’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு, “மேடம், இங்கேயாவது வாய்தா இல்லாம முடிப்பாங்களா?” என்றாள். சிரித்துவிட்டு வந்தோம். சில மாதம் கழித்து இப்படியொரு பலகை வார்த்தை ஒரு புகாரையே தடம் மாற்றியதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

ஜார்க்கண்டிலிருந்து வைத்தியத்துக்காக வந்திருந்த பெண் அவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் இந்தியும் வங்காளமும்தான் காதில் விழும். ஒரு ஸ்கேன் சென்டரில் அவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது. கொக்கி, சேஃப்டி பின் என்று உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்பதால் கவுன் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கதவு கிடையாது, ஒரு திரைதான். மாற்றிக்கொண்டிருக்கும்போது திரை ஓரமாக ஒரு செல்போன் தெரிந்திருக்கிறது. கத்தியதும் போன் மறைந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் ஊழியர் ஒருவர் போனும் கையுமாக நிற்கிறார்.

அவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த புகாரின் சாரம் ஒரே வரிதான்: டிரஸ்ஸிங் ரூமில் இருந்தபோது ஆண் ஊழியர் ஒருவர் என்னை வீடியோ எடுத்தார்.

நம்மூர் ஆஸ்பத்திரிகளில் டிரஸ்ஸிங் ரூம் என்றால் என்ன? புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் அறை. அங்கே ஊழியர் நிற்பது சகஜம். புண் எப்படி ஆறுகிறது என்று படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புவதும் உண்டு. ஸ்டேஷனில் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை (புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை மட்டும்தான், எஃப்.ஐ.ஆர். அல்ல) கொடுத்து, “விசாரிக்கிறோம்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ரசீதோடுதான் அவர் சத்துவாச்சாரி கோர்ட்டில் என்னைத் தேடி வந்தார்.

அவர் எழுதிய இங்கிலீஷ் தப்பில்லை. அமெரிக்காவில் துணிக்கடையில் போட்டுப் பார்க்கும் அறைக்கும் டிரஸ்ஸிங் ரூம் என்று சொல்வார்கள். நாடக நடிகர்கள் வேஷம் கட்டும் அறைக்கும் அதே பெயர். கிரிக்கெட்டில் ஆட்டக்காரர்கள் உட்காரும் அறையும் அதுதான். இங்கிலாந்தில் கடை என்றால் ஃபிட்டிங் ரூம் அல்லது சேஞ்சிங் ரூம். நீச்சல் குளத்தில் சேஞ்சிங் ரூம் மட்டும்தான், அங்கே ‘ஃபிட்’ ஆக எதுவும் இல்லையே. லண்டனில் போய் ட்ரையல் ரூம் எங்கே என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நொடி முழிப்பார். ட்ரையல் ரூம் என்று சொல்வது நம் நாட்டுக்காரர்களின் பழக்கம். தையற்கடையில் “ட்ரையல் பார்க்க வியாழக்கிழமை வாங்க” என்பார்கள் இல்லையா, அதன் வாடைதான் ரெடிமேட் கடைக்கும் ஒட்டிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பாட்டி காலத்தில் இந்த அறைக்கே வேலை இல்லை. ஆரணிப் பட்டைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால் ட்ரையல் முடிந்தது. சுடிதாரும் ஜீன்ஸும் வந்தபிறகுதான் கடைக்காரர்கள் மாடிப்படிக்கு அடியில் ப்ளைவுட் அடித்து ஒரு மறைப்பு போட்டார்கள். தமிழில் வாடிக்கையாளர்கள் ‘போட்டுப் பார்க்கிற ரூம்’ என்பார்கள். இத்தனை பெயர்களிலும் குழப்பமே இல்லாத பெயர் இதுதான் என்பது என் கட்சி.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77வது பிரிவு இதற்கானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 354சி. அதில் குற்றவாளி ஆணாக மட்டுமே இருக்க முடியும், இப்போது யாராக இருந்தாலும் பொருந்தும். அந்தப் பிரிவில் ட்ரையல் ரூம், டிரஸ்ஸிங் ரூம் என்ற சொற்களைத் தேடினால் கிடைக்காது. அந்தரங்கம் இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இடமா, அங்கே ஒரு பெண் உள்ளாடையோடோ அதுவும் இல்லாமலோ இருந்தாரா, கழிப்பறையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாரா என்றுதான் அது பார்க்கும். படம் எடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, எட்டிப் பார்த்தாலே குற்றம். முதல் முறை நிரூபணமானால் 1 முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும், மறுமுறை 3 முதல் 7 ஆண்டு.

முதல் முறை என்றால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இது. “மறுநாளே வெளியே வந்துட்டானே மேடம்” என்று அழுதபடி வருபவர்கள் உண்டு. ஜாமீன் கிடைத்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை.

பையன்களுக்கு நடந்தால்? ஜிம்மிலும் நடக்கிறதே என்று கேட்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு ஆண், பெண் யாருக்கும் பொருந்தும். அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டமும் வரும்.

அதனால் புகாரில் அறையின் பெயரோடு நிறுத்தாதீர்கள், அறையை எழுதுங்கள். கதவா திரையா, உள்ளே தாழ்ப்பாள் இருந்ததா, உங்களை அங்கே போகச் சொன்னது யார், எதற்காகச் சொன்னார், அந்த நேரத்தில் வேறு ஆள் உள்ளே வர வேலை ஏதும் இருந்ததா, நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். சட்டம் அதைத்தான் கேட்கிறது என்பதால் விட்டுவிட முடியாது. 77வது பிரிவில் பெண் கொடுக்கும் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டுவிட்டு இங்கேயே அலைய வேண்டியதும் இல்லை. எந்த ஊர் ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், அது இங்கே மாற்றி அனுப்பப்படும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இன்னொன்று, எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான். மேனேஜர் ஓடி வந்து, அந்தப் பையனைக் கன்னத்தில் ஒன்று போட்டு, போனைப் பிடுங்கி, “டெலீட் பண்ணிட்டோம்மா, பாருங்க” என்று உங்கள் கண்முன்னே அழிப்பார். உபகாரம் செய்வதாக நினைப்பார். அழிவது சாட்சியம். போனை யாரும் நோண்டாமல் போலீஸ் வரும்வரை அப்படியே வைக்கச் சொல்லுங்கள், 112க்கு அடியுங்கள். கடையின் சி.சி.டி.வி. பதிவு சில நாளில் தானாக அழிந்து மேலே புதியது பதியும். அதனால் அன்றைக்கே, தேதியும் நேரமும் போட்டு, பதிவைப் பத்திரப்படுத்தும்படி கடிதம் கொடுத்து கையெழுத்து வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வித்தைகளை நம்பி ஏமாறவும் வேண்டாம். ரகசிய கேமரா இருந்தால் போனில் சிக்னல் வராது என்பது கட்டுக்கதை. கண்ணாடியில் நகம் வைத்து, நகத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லையென்றால் அது மறுபக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடி என்று சொல்லும் சோதனையும் நிச்சயமில்லை, சாதாரணக் கண்ணாடியிலும் இடைவெளி தெரியாமல் போகலாம். மறுபக்கம் இருட்டாக இருந்தால்தான் அந்த வகைக் கண்ணாடி வேலை செய்யும். அதனால் இரண்டு கையையும் குவித்துக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி உள்ளே பார்ப்பது மேல். சட்டை மாட்டும் கொக்கி, மேலே உள்ள ஓட்டை, கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, இவற்றை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அந்த ஜார்க்கண்ட் பெண்ணின் புகாரைத் தமிழில் திருப்பி எழுதினோம். டிரஸ்ஸிங் ரூம் இருந்த இடத்தில் ‘ஸ்கேனுக்கு முன் உடை மாற்றச் சொல்லி என்னை அனுப்பிய, திரை மட்டும் போட்ட மறைவிடம்’ என்று வந்தது. அன்று சாயங்காலமே எஃப்.ஐ.ஆர். ஆனது, போன் ஆய்வகத்துக்குப் போனது, குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. போன வாரம் ஊரிலிருந்து கூப்பிட்டு, ட்ரையல் எப்போது, அதற்காக வேலூர் வந்தே ஆக வேண்டுமா என்று கேட்டார். தேதி இன்னும் விழவில்லை. வீடியோ வழியாகச் சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமிருக்கிறது, மனு போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.