ஐந்து நிமிடம் ஓடவிட்டால் என்ஜின் பிழைத்துவிடாது

இந்தக் குளிர்காலத்திலும் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓட்டும் வண்டி), என்ஜின் சீஸ் ஆகி, அதாவது இறுகிச் சுற்றாமல் நின்றுபோன நிலையில் என் பணிமனைக்கு வந்துவிட்டது. வண்டி பழையதல்ல, ஓடிய தூரமும் குறைவு. உரிமையாளர் கவனக்குறைவான ஆளும் இல்லை. வண்டியை வெளியே எடுக்காத நாட்களிலும் காலையில் மறக்காமல் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து வந்திருக்கிறார். "அது என்ஜினுக்கு நல்லதுதானே?" என்று கேட்டார். ஆயிலை வடித்துக் காட்டினேன். முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். வெளியே மைனஸ் 30 டிகிரியில் அந்தத் தண்ணீர் கட்டியாகி ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்திருக்கிறது. என்ஜின் ஓடியது, ஆயில் ஏறவில்லை, பேரிங் போய்விட்டது.

யாரும் வெளியிலிருந்து ஊற்றிய தண்ணீர் அல்ல அது. பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். சூடான என்ஜினில் இதனால் தொந்தரவு இல்லை. ஆயில் நன்றாகச் சூடானதும் அந்த ஈரம் ஆவியாகி, என்ஜினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் ஆயில் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. குளிர்ந்த உலோகச் சுவரில் பட்ட ஆவி அங்கேயே துளித்து, ஆயிலுக்கு அடியில் போய்த் தங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

"மீட்டரில் சூடு ஏறிவிட்டதே" என்பார்கள். பெரும்பாலும் அந்த மீட்டர் காட்டுவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சூட்டை. கூலண்ட் சீக்கிரம் சூடாகும், ஆயில் வெகுநேரம் பின்தங்கும். அதுவும் வண்டி நிற்கையில், சுமையே இல்லாமல் ஐடிலில் ஓடும்போது, ஆயில் சூடாக நியாயமே இல்லை. தண்ணீரோடு பெட்ரோலும் சேர்கிறது. குளிர்ந்த என்ஜினுக்கு வண்டியின் கணினி பெட்ரோலைக் கூடுதலாகவே தெளிக்கும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஆயில் மூடியின் உட்புறம் வெளிறிய பால்நிறக் குழம்பு ஒட்டியிருந்தாலோ அந்த ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள். பிரீதர் குழாயில் பனி அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிவிடும். அது இன்னொரு பெரிய செலவு.

பேட்டரிக்காகத்தான் ஸ்டார்ட் செய்கிறேன் என்பவர்களுக்கு: அந்த ஒரு ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் மோட்டார் எடுத்ததை, ஐந்து நிமிட ஐடில் பெரும்பாலும் திருப்பித் தராது. சீட் ஹீட்டர், கைப்பிடி ஹீட்டர், விளக்கு எல்லாம் எரிந்தால் சொல்லவே வேண்டாம். பராமரிப்பு சார்ஜரை மாட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்து வெடிப்பு விடும். லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள்.

எனவே ஸ்டார்ட் செய்தால் எடுத்துக்கொண்டு போங்கள், அரை மணிநேரமாவது சுமையோடு ஓட்டுங்கள். ஓட்டப்போவதில்லை என்றால் தொடாதீர்கள், சும்மா நிற்கட்டும். சும்மா நின்று கெட்ட என்ஜினைவிட இந்த ஐந்து நிமிடப் பழக்கத்தால் கெட்டதைத்தான் நான் அதிகம் திறந்து பார்க்கிறேன்.

அடுத்தது ஆயில் தேர்வு. கெட்டியான ஆயில்தான் பாதுகாப்பு என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-40 என்பதுபோல் இருக்கும் குறியீட்டில், டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிருக்கானது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில் சுழற்றியும் மைனஸ் 30-இல் பம்ப் செய்தும் சோதிக்கிறார்கள். 0டபிள்யூ ஆயிலுக்கு அதே சோதனைகள் மைனஸ் 35-இலும் மைனஸ் 40-இலும். கடுங்குளிர் ஊரில் 10டபிள்யூ-40 ஊற்றிவிட்டு செல்ஃப் திணறுகிறது என்று பேட்டரியைக் குறைசொல்வதில் பயனில்லை. கையேடு சொல்லும் 0டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-40 சிந்தெடிக்கை ஊற்றுங்கள். பெட்ரோலும் புதிதாக இருக்கட்டும். கோடைக்கான பெட்ரோல் கடுங்குளிரில் எளிதாக ஆவியாகாது.

மைனஸ் 30-க்குக் கீழே போனால் சூடேற்றாமல் சாவியைத் திருப்பாதீர்கள். என்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரோ, ஆயில் டேங்கில் ஒட்டும் ஹீட்டர் பட்டையோ இரண்டு மூன்று மணிநேரம் ஓடினால் போதும். மின்சாரம் இல்லாத இடத்தில் பானட்டுக்கு மேல் கனத்த போர்வையைப் போர்த்தி அடியிலிருந்து சூடான காற்றை அனுப்பலாம். ஆனால் தயவுசெய்து பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் நெருப்பு டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, "காற்றோடு சேர்த்து மைனஸ் 45 உணர்வு" என்று வானிலை அறிக்கையில் வருவது உங்கள் தோலுக்கு. நிற்கும் இரும்பு, காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. காற்று அதைச் சீக்கிரம் ஆறவைக்கும், அவ்வளவுதான்.

ஸ்டார்ட் செய்யும் முன் த்ராட்டிலை அழுத்தி விடுங்கள். தானாகப் படக்கென்று திரும்ப வேண்டும். பனியில் கேபிள் ஒட்டிக்கொண்டு திறந்தபடி நின்றால் வண்டி உங்களை விட்டுவிட்டு ஓடும். நீங்கள் விழுந்தால் என்ஜினை அணைக்கும் டெதர் கயிறை உடம்போடு மாட்டாமல் சாவியைத் தொடாதீர்கள். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி டிராக் (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) உறைந்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருக்கும்போது த்ராட்டிலை இழுத்தால் பெல்ட் கருகும். இரவில் பலகைமேல் நிறுத்தினால் இந்தச் சிக்கலே வராது. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, அப்புறம் கிராங்க் செய்யுங்கள், அதாவது செல்ஃபைச் சுழற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர்கள் கை தானாக த்ராட்டிலை இழுக்கும். ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வண்டியில் அது வேண்டாம். ஐந்து பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? கிராங்க் செய்யும்போது வோல்ட் மீட்டரைப் பாருங்கள். பத்துக்குக் கீழே விழுந்தால் மோட்டார் சுற்றினாலும் கணினி பல வண்டிகளில் ஸ்பார்க் தராது. பேட்டரியும் பிளக்கும் சரியாக இருந்து, சூட்டில் ஸ்டார்ட் ஆகி, குளிரில் மட்டும் முரண்டு பிடிக்கும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது டேப்பட் செட்டிங், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இடைவெளி இறுகிவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் குறையும். ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியவர்களில் நிறையப் பேர் இப்படி ஒரு வேலை இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள்.

பிடித்ததும் முறுக்காதீர்கள். ஆயில் விளக்கு அணைய வேண்டும், ஐடில் சீராக வேண்டும். அதன்பின் மெதுவாக நகருங்கள். விறைத்த பெல்ட்டும் இறுகிய சஸ்பென்ஷனும் நகர்ந்தால்தான் இளகும். கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உள்ளே குழந்தைகள் இருக்கலாம்.

தொலைவாகப் போகிறவர்கள் இதையும் யோசியுங்கள். பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இழுத்து ஸ்டார்ட் செய்யக் கயிறு கிடையாது, தள்ளியும் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி போனால் நடைதான். ஜம்ப் பேக் (பேட்டரி போனால் ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்க பேட்டரி) கொண்டுபோகிறவர்கள் அதைச் சாமான் பெட்டியில் வைக்காமல் கோட்டுக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். விறைத்துப்போன ஜம்ப் பேக்கும் உதவாது.